கொலையுண்டவர் யார்? சடலத்துக்குப் பெயர் தேடித் தரும் தடய அறிவியல்

கொலை வழக்கில் கொன்றவர் யார் என்று கேட்பதற்கு முன்பாகவே கொலையுண்டவர் யார் என்பதற்கு விடை காண வேண்டியிருக்கிறது. கொலைகளில் மிகப் பல, இறந்தவரை முன்பே அறிந்திருந்தவர்களால், குடும்பத்துக்குள்ளோ நட்பு வட்டத்திலோ கொடுக்கல் வாங்கலிலோ மூண்ட பகையின் காரணமாக நிகழ்பவை. ஆதலால் இறந்தவரின் பெயர் தெரிந்துவிட்டால், அவர் கடைசியாக யாருடன் காணப்பட்டார், அவரால் யாருக்கு இடையூறு இருந்தது, அவர் காணாமற்போனதை மறைக்க முயன்றவர் யார் என்று புலனாய்வுக்கு வழி திறந்துவிடுகிறது. பெயர் தெரியாத வரையில் சாட்சி தேடவும் இடமில்லை, சந்தேகப்படவும் ஆளில்லை. கொலையாளிகளும் இதை அறிந்தே இருக்கிறார்கள். முகத்தைச் சிதைப்பது, தலையைத் துண்டித்து வேறிடத்தில் புதைப்பது, விரல் நுனிகளை வெட்டி எறிவது, உடலை எரிப்பது, அமிலத்தில் கரைப்பது ஆகியவை கோபத்தின் தொடர்ச்சியாக மட்டும் செய்யப்படுபவை அல்ல. உடலிலிருந்து பெயரைப் பிரித்துவிடும் நோக்கத்துடன் திட்டமிட்டுச் செய்யப்படுபவை.

இந்த நோக்கத்தை முறியடிக்கும் தடய அறிவியல் துறைகள் பலவாக இருந்தாலும், அவை அனைத்தும் ஒரே அடிப்படையில் இயங்குகின்றன. அடையாளம் காண்பது என்பது எப்போதும் ஓர் ஒப்பீடு. சடலத்திலிருந்து கிடைக்கும் செய்தி ஒரு பக்கம் இருக்க, அந்த மனிதர் உயிரோடிருந்தபோது எங்கோ பதிவாகிக் கிடக்கும் செய்தி மறுபக்கம் இருந்தாக வேண்டும். இரண்டும் பொருந்தும்போதுதான் பெயர் பிறக்கிறது. எத்தனை நுட்பமான ஆய்வுக்கூடமாயினும் ஒரு தொடை எலும்பை மட்டும் வைத்துக்கொண்டு அதற்குரியவரின் பெயரைச் சொல்லிவிட முடியாது. ஆணா பெண்ணா, வயது என்ன, உயரம் எவ்வளவு என்பது வரை எலும்பு சொல்லும். அதற்கப்பால் ஒரு புகைப்படமோ, கைரேகையோ, பல் மருத்துவரின் குறிப்போ, பெற்ற தாயின் ஒரு துளி இரத்தமோ வேண்டும். இத்துறையின் வெற்றிகள், தோல்விகள் இரண்டையும் விளங்கிக்கொள்ள இந்த ஓர் உண்மை போதுமானது.

அறிவியலின் பல கிளைகள் ஒன்றுசேர்ந்து கொலையுண்டவர்களை அடையாளம் கண்ட வழக்குகளில் இன்றளவும் பாடமாக வைக்கப்படுவது, 1935-ஆம் ஆண்டு பிரிட்டனில் நடந்த ரக்ஸ்டன் வழக்கு. அவ்வாண்டு செப்டம்பர் 29 அன்று ஸ்காட்லாந்தின் மாஃபட் என்னும் சிற்றூருக்கு அருகே, கார்டன்ஹோம் லின் என்ற ஓடையின் மேலுள்ள பாலத்தில் நின்று கீழே பார்த்த பெண் ஒருவர், நீரோரம் கிடந்த பொதியிலிருந்து மனிதக் கை ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். அதைத் தொடர்ந்து நடந்த தேடுதலில் செய்தித்தாள்களிலும் துணிகளிலும் படுக்கை விரிப்பிலும் சுற்றி எறியப்பட்டிருந்த உடற்பகுதிகள் சுமார் எழுபது துண்டுகளாகக் கிடைத்தன. தலைகள் இரண்டு இருந்தன. ஆனால் கண்களும் காதுகளும் மூக்கும் உதடுகளும் முகத்தோலும் அகற்றப்பட்டு, பற்கள் சிலவும் பிடுங்கப்பட்டிருந்தன. தொடக்கத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இறந்திருக்கலாம் என்றே கருதப்பட்டது.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் சட்ட மருத்துவப் பேராசிரியர் ஜான் கிளெய்ஸ்டர், எடின்பரோ பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல் பேராசிரியர் ஜேம்ஸ் கூப்பர் பிராஷ் ஆகியோர் முன்னின்ற குழுவுக்கு முதல் வேலை, அந்தத் துண்டுகளை எந்த உடலுக்கு எது என்று பிரித்து அடுக்குவதாக இருந்தது. வெட்டுப்பட்ட முதுகெலும்புகளின் முனைகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று எக்ஸ்ரே படங்களின் துணையுடன் பார்த்து, மூட்டுகளைச் சேர்த்து, எலும்புகளின் முதிர்ச்சியை அளந்து அவர்கள் முன்னேறியபோது, இரண்டும் பெண்ணுடல்கள் என்பது தெளிவாயிற்று. ஒருத்தி இருபது வயதையொட்டியவள், மற்றவள் முப்பத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்டவள் என்பது அவர்களின் கணிப்பு. உடல்கள் அறிவற்ற வெறியில் வெட்டப்படவில்லை; மூட்டுகளின் வழியே கத்தியால் சீராகப் பிரிக்கப்பட்டிருந்தன. உடற்கூறு படித்த கை அது என்பதை அந்த வெட்டுகளே காட்டின.

இடம் எது என்பதைச் சொன்னது உடலன்று, அதைச் சுற்றியிருந்த காகிதம். செப்டம்பர் 15-ஆம் தேதியிட்ட ‘சண்டே கிராஃபிக்’ இதழின் தாள் ஒன்று அவற்றில் இருந்தது. அது நாடு முழுவதும் விற்ற பதிப்பன்று. மோர்கம் நகரத் திருவிழாவின் படங்களுடன் மோர்கம், லங்காஸ்டர் வட்டாரத்தில் மட்டும் விற்பனைக்கு வந்த தனிப்பதிப்பு. ஸ்காட்லாந்தின் ஓடையில் கிடந்த உடல்கள் இங்கிலாந்தின் ஒரு குறிப்பிட்ட நகரை நோக்கிக் கைகாட்டின. லங்காஸ்டரில் மருத்துவராகத் தொழில் நடத்திவந்த, பம்பாயில் பிறந்த பார்சி இனத்தவரான பக் ரக்ஸ்டனின் மனைவி இசபெல்லாவும், அவ்வீட்டில் குழந்தைகளைக் கவனித்துவந்த இருபது வயது மேரி ரோஜர்சனும் அந்தச் செப்டம்பர் நடுவிலிருந்தே காணப்படவில்லை. பொதியிலிருந்த மேற்சட்டை ஒன்றின் அக்குளுக்குக் கீழ் தைக்கப்பட்டிருந்த ஒட்டைப் பார்த்து, அதைத் தைத்தது தானே என்று மேரியின் சிற்றன்னை சொன்னார். குழந்தை உடுப்பு ஒன்றை, அதன் எலாஸ்டிக்கில் தான் போட்ட முடிச்சை வைத்து, அந்த வீட்டுக்கு அதைக் கொடுத்திருந்த பெண்மணி அடையாளம் காட்டினார். பேராசிரியர்களின் ஆய்வுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் இந்த ஒட்டும் முடிச்சும் சிறியவை அல்ல; இந்தியாவிலும் துணியில் இடப்படும் சலவைக் குறியும் சட்டைக் கழுத்திலுள்ள தையற்கடைத் துணிச்சீட்டும் பெயரற்ற சடலங்கள் பலவற்றின் ஊரைக் காட்டிக்கொடுத்திருக்கின்றன.

அந்த வழக்கின் ஆழமான பாடம் வேறொன்று. எந்தெந்த உறுப்புகள் எஞ்சியிருந்தன என்பதைவிட, எவை அகற்றப்பட்டிருந்தன என்பதை நிபுணர்கள் கூர்ந்து நோக்கினார்கள். மேரிக்குக் கண்ணில் மாறுகண் குறை இருந்தது. இளைய உடலின் தலையில் கண்கள் தோண்டி எடுக்கப்பட்டிருந்தன. அவளுடைய கையில் பிறவிக் குறி உண்டு. அந்த இடத்துத் தோல் உரிக்கப்பட்டிருந்தது. கட்டைவிரலில் வெட்டுத் தழும்பு உண்டு. அங்கும் சதை நீக்கப்பட்டிருந்தது. இசபெல்லாவின் மூக்கு எடுப்பானது, மூத்தவளின் முகத்தில் மூக்கு இல்லை. இசபெல்லாவின் கால்கள் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை ஒரே பருமனாக இருக்கும், மூத்தவளின் கால்களில் சதை சீவி எடுக்கப்பட்டிருந்தது. இசபெல்லாவின் கால் பெருவிரல் மூட்டில் புடைப்பு இருந்தது, அந்த இடமும் வெட்டப்பட்டிருந்தது. இரு பெண்களையும் நெருங்கி அறிந்த ஒருவன்தான் இப்படித் தேர்ந்தெடுத்து அழித்திருக்க முடியும். அழிக்கப்பட்ட அடையாளங்களின் பட்டியலே அவ்விருவரின் அங்க அடையாளப் பட்டியலாக அமைந்துவிட்டது.

எஞ்சியவையும் பேசாமல் இல்லை. இரு உடல்களின் பாதங்களுக்கும் அச்சு வார்க்கப்பட்டு அப்பெண்களின் காலணிகளுக்குள் பொருத்திப் பார்க்கப்பட்டன. ஒவ்வோர் அச்சும் ஒருத்தியின் காலணியில் பொருந்தி மற்றவளின் காலணியில் பொருந்தாமற் போயிற்று. இளைய உடலின் கைகளில் விரல் நுனிகள் எஞ்சியிருந்தன. அழுகலில் மேல்தோல் கழன்றுபோன விரல்களிலும், அதற்குக் கீழுள்ள உட்தோலில் அதே ரேகை மங்கலாகப் பதிந்திருக்கும் என்பதால் அங்கிருந்தும் கைரேகை எடுக்கப்பட்டு, லங்காஸ்டர் வீட்டில் மேரி கையாண்ட பொருள்களில் இருந்த ரேகைகளுடன் ஒப்பிடப்பட்டுப் பொருந்தியது. சதையில் நெளிந்த புழுக்களை ஆராய்ந்த கிளாஸ்கோ அறிஞர் அலெக்சாண்டர் மெயர்ன்ஸ், அவை நீல ஈயின் புழுக்கள் என்றும் 12 முதல் 14 நாள் வளர்ச்சி உடையவை என்றும் கணித்தார். பெண்கள் மறைந்த காலத்துக்கு அது இசைவாக இருந்தது.

பிராஷ் செய்த ஆய்வு, பின்னாளில் உலகெங்கும் ‘சூப்பர் இம்போசிஷன்’ என்று பெயர் பெற்ற மேற்பொருத்தல் முறையாகும். ஒருவரின் புகைப்படத்தில் முகம் எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறதோ அதே கோணத்தில் மண்டை ஓட்டை நிறுத்தி, அதே அளவில் படமெடுத்து, ஒன்றின்மேல் மற்றொன்றைப் பதித்துக் கண்குழி, மூக்கு வேர், பல்வரிசை, தாடை விளிம்பு ஆகியவை ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது இதன் செய்முறை. சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இதில் இடர்ப்பாடு அளவைப் பற்றியது. புகைப்படத்திலுள்ள முகம் உண்மையான முகத்தைவிட எத்தனை மடங்கு சிறியது என்று தெரிந்தாலன்றி மண்டை ஓட்டின் படத்தைச் சரியான அளவுக்குக் கொண்டுவர இயலாது. இசபெல்லா நகைபோன்ற தலையணியும் விருந்து உடையும் அணிந்து எடுத்துக்கொண்ட ஸ்டூடியோ படம் இங்கே கைகொடுத்தது. அந்தத் தலையணியையும் உடையையும் தேடிப்பிடித்து அளந்து, படத்திலுள்ள அளவுடன் வகுத்துப் பார்த்து உருப்பெருக்கம் கணக்கிடப்பட்டது. மூத்தவளின் மண்டை ஓடு இசபெல்லாவின் படத்தோடு பொருந்தியது, மேரியின் படத்தோடு பொருந்தவில்லை. இளையவளின் ஓடு அதற்கு நேர்மாறாக அமைந்தது. பொருந்தவில்லை என்ற செய்தி, பொருந்தியது என்ற செய்தியைவிட வலிமையானது என்பதைக் குறிப்பிட வேண்டும். பொருந்துவது தற்செயலாகவும் நேரலாம், ஆனால் பொருந்தாத ஓடு அந்த முகத்துக்கு உரியதாக இருக்கவே முடியாது. மேற்பொருத்தல் முறை ஒருவரை உறுதிசெய்வதைவிட விலக்குவதில் நம்பகமானது. அதனைத் தனிச்சான்றாகக் கொள்ளாமல் பிற சான்றுகளுடன் சேர்த்து எடைபோடுவதே முறை. மான்செஸ்டரில் 1936 மார்ச்சில் நடந்த விசாரணையின் முடிவில் ரக்ஸ்டன் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, மே 12 அன்று தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டே கிளெய்ஸ்டரும் பிராஷும் இந்த வழக்கின் மருத்துவ, சட்டக் கூறுகளைத் தனி நூலாக வெளியிட்டனர்.

எலும்புக்கூடு மட்டுமே கிடைக்கும் வழக்குகளில் ஆய்வு இன்னும் அடியிலிருந்து தொடங்குகிறது. முதலில் அது மனித எலும்புதானா என்று பார்க்க வேண்டும். தோலும் நகமும் போன கரடியின் பாதம் மனிதக் கையைப் போலவே தோன்றி அனுபவமுள்ளவர்களையும் ஏமாற்றியிருக்கிறது. அடுத்து எத்தனை பேருடைய எலும்புகள் என்பதற்கு, இருமுறை வர முடியாத எலும்புகளை எண்ணுவார்கள். இரண்டு இடது தொடை எலும்புகள் இருந்தால் குறைந்தது இருவர் இறந்திருக்கிறார்கள். பாலினத்தைச் சொல்வதில் இடுப்பெலும்புக்கு நிகர் வேறில்லை. மகப்பேற்றுக்கு ஏற்றவாறு பெண்ணின் இடுப்பில் முன்புற வளைவு அகன்றும், பக்கவாட்டிலுள்ள பெரிய வெட்டுப்பள்ளம் விரிந்தும் இருக்கும். மண்டை ஓடு அதற்கு அடுத்த நிலையில்தான் வருகிறது. வளர்ந்தவர்களின் வயதைக் கணிப்பது குழந்தைகளுக்குக் கணிப்பதைவிடக் கடினம். வளரும் பருவத்தில் எலும்புகளின் முனைகள் தண்டுடன் இணைந்துவிடும் வரிசை ஏறத்தாழ நிலையானது. கழுத்தடியில் மார்பெலும்பைத் தொடும் காறை எலும்பின் முனை எல்லாவற்றுக்கும் கடைசியாக, இருபதுகளின் பின்பகுதியில், முழுமையாக இணைகிறது. அதன்பின் எலும்பில் வளர்ச்சி இல்லை, தேய்மானம் மட்டுமே உண்டு என்பதால், நாற்பதைத் தாண்டியவரின் வயதைப் பத்தாண்டு இடைவெளியில் சொல்வதே நேர்மையாகும். உயரத்தைத் தொடை எலும்பின் நீளத்திலிருந்து கணக்கிடும் சூத்திரங்கள் பல உள்ளன. ஆயினும் 1952-இல் அமெரிக்கப் போர்வீரர்களின் எலும்புகளைக் கொண்டு டிராட்டரும் கிளெசரும் வகுத்த புகழ்பெற்ற சூத்திரங்களை அப்படியே தென்னிந்தியர்மேல் ஏற்றினால் விடை பிழையாகும். ஒவ்வொரு மக்கட்பிரிவுக்கும் அதன் கைகால் விகிதத்துக்கேற்ற தனிச் சூத்திரம் வேண்டும்.

பற்களைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள் பல்லின்மேலுள்ள எனாமல். நெருப்புக்கும் அழுகலுக்கும் காலத்துக்கும் மற்ற எல்லா உறுப்புகளையும்விட அதிகம் தாக்குப்பிடிக்கிறது. அடைத்த குழி, பிடுங்கிய பல், ஒன்றின்மேல் ஒன்று ஏறிய வரிசை, கட்டிய செயற்கைப் பல் என்று ஒருவரின் வாயில் சேரும் மாற்றங்கள் மற்றொருவரின் வாயில் அதே சேர்க்கையில் அமைவது மிக அரிது. இங்கிலாந்தில் 1949-இல் ஜான் ஜார்ஜ் ஹெய் என்பவன் செல்வந்தப் பெண்மணி ஒருவரைக் கொன்று, கந்தக அமிலம் நிரம்பிய பீப்பாயில் கரைத்துச் சேற்றோடு சேறாகக் கொட்டிவிட்டு, உடல் இல்லாமல் கொலையை எவராலும் நிரூபிக்க முடியாது என்று காவலர்களிடமே சவால் விட்டான். சட்ட மருத்துவ நிபுணர் கீத் சிம்சன் அந்தச் சேற்றைச் சலித்துத் தேடியபோது, அமிலத்தில் கரையாத பித்தப்பைக் கற்களும் இடது பாதத்தின் பகுதியும் கிடைத்தன. பித்தக்கல்லின்மேல் கொழுப்பு படிந்திருப்பதால் அமிலம் அதை எளிதில் தொடுவதில்லை. அக்ரிலிக்கால் ஆன செயற்கைப் பல்வரிசைகளும் சிதையாமல் இருந்தன. அவற்றைப் பார்த்த பல் மருத்துவர் ஹெலன் மேயோ, அந்தப் பெண்மணிக்குத் தானே செய்துகொடுத்தவை அவை என்று தம் குறிப்பேட்டை வைத்துச் சாட்சியம் அளித்தார். ஹெய்யின் சட்ட அறிவும் தவறானது. கொலை நடந்தது என்பதற்கு வேறு உறுதியான சான்றுகள் இருந்தால் உடல் கிடைத்தே தீர வேண்டும் என்பதில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றமும் 1981-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது.

தமிழ்நாட்டின் வழக்கு வரலாற்றில் இதே வகையான சிக்கலை எழுப்பியது, ஆளவந்தார் கொலை வழக்கு. 1952 ஆகஸ்ட் இறுதியில், சென்னையிலிருந்து தனுஷ்கோடி சென்ற போட் மெயில் ரயிலின் பெட்டி ஒன்றில் துர்நாற்றம் வீசுவதாகப் பயணிகள் முறையிட, மானாமதுரையில் இறக்கப்பட்ட இரும்புப் பெட்டிக்குள் தலையற்ற ஆணுடல் இருந்தது. சென்னையில் பேனாக் கடையொன்றின் முகப்பில் வணிகம் செய்துவந்த ஆளவந்தார் காணவில்லை என்ற புகார் அதே வேளையில் பதிவாகியிருந்தது. பின்னர் இராயபுரம் கடற்கரை மணலில் புதைந்திருந்த தலை கண்டெடுக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் கிடைத்த தலையும் உடலும் ஒரே மனிதருக்கு உரியவைதாமா, அந்த மனிதர் ஆளவந்தார்தாமா என்னும் இரு கேள்விகளையும் சென்னை மருத்துவக் கல்லூரியின் சட்ட மருத்துவத் துறை தீர்க்க வேண்டியிருந்தது. காதுமடலில் இருந்த துளைகளும் பல்வரிசையின் அமைப்பும் தலையை அவருடையதென்று காட்டின. உடலை அவருடையதென்று காட்டியது கைரேகை. ஆளவந்தார் முன்பு இராணுவத்தில் பணியாற்றியவர். அதனால் அவருடைய ரேகை அரசுக் கோப்பில் இருந்தது. அந்தக் கோப்பு மட்டும் இல்லாதிருந்தால் மானாமதுரைப் பெட்டியிலிருந்த கைகளுக்குப் பேச வாய்ப்பே இருந்திராது. 1953-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த விசாரணையில் குற்றம் சாட்டப்பட்ட கணவனும் மனைவியும் தண்டிக்கப்பட்டனர்.

அழுகிய உடலிலிருந்து கைரேகை எடுப்பது பொறுமையைக் கோரும் வேலை. நீரில் பலநாள் கிடந்த உடலில் கையின் மேல்தோல் கையுறையைப் போல முழுதாகக் கழன்று வந்துவிடும். ஆய்வாளர் அந்தத் தோலை நீர்போக்கித் தம் உறையிட்ட விரலின்மேல் மாட்டிக்கொண்டு, மை தடவி, இறந்தவரின் ரேகையைத் தம் விரலால் பதிக்கிறார். வெயிலில் காய்ந்து சுருங்கிய விரலாக இருந்தால் ஊறவைத்தோ, நுனித்தோலுக்குக் கீழே திரவம் செலுத்திப் புடைக்கவைத்தோ பதிவெடுப்பார்கள். இறந்தவர்களுக்குச் செய்யப்படும் பணிவிடைகளில் இதனினும் நெருக்கமானது வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

மரபணு ஆய்வு வந்தபின் ஒப்பீட்டின் எல்லை விரிந்தது. அதுவரை இறந்தவரின் சொந்தப் பதிவு ஒன்று தேவைப்பட்டது. மரபணுவோ, உறவினரின் உடலையே இறந்தவரின் பதிவாக மாற்றிவிட்டது. மனித மரபணுத் தொடரில் நான்கைந்து வேதி எழுத்துகளைக் கொண்ட சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும் இடங்கள் பல உள்ளன. அத்துண்டு எத்தனை முறை திரும்ப வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுபடும். ஒவ்வோர் இடத்திலும் ஓர் எண்ணிக்கை தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வருகிறது. இத்தகைய இடங்கள் இருபதை ஆராய்ந்தால், பெற்றோரின் மாதிரியுடன் ஒப்பிட்டு இந்த எலும்பு இவர்களின் பிள்ளையினுடையதா என்று மிக உயர்ந்த உறுதியுடன் சொல்லிவிடலாம். எலும்பு மிகவும் பழுதாகிப் போயிருந்தால், உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவிலுள்ள மரபணு உதவுகிறது. ஓர் உயிரணுவில் அதன் படிகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் பழைய எலும்பிலும் எஞ்சியிருக்க வாய்ப்பு மிகுதி. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்குச் செல்வதால், தாய்வழி உறவினர் எவரும் ஒப்பீட்டுக்கு உதவலாம். 1918-இல் சுட்டுக் கொல்லப்பட்ட ரஷ்ய அரச குடும்பத்தின் எலும்புகளை 1990-களில் ஆராய்ந்தபோது, அரசி அலெக்சாண்ட்ராவின் தமக்கை வழிப் பேரரான பிரிட்டனின் இளவரசர் பிலிப் தந்த இரத்தமே அரசியையும் அவர் மகள்களையும் அடையாளம் காட்டியது.

கொலையுண்டவரின் எலும்பிலிருந்து மரபணு எடுத்து அடையாளம் கண்ட தொடக்ககால வழக்குகளில் முதன்மையானது வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் நடந்தது. 1989 டிசம்பரில் வீடொன்றின் பின்புறத்தில் பள்ளம் தோண்டிய தொழிலாளர்கள், கம்பளத்தில் சுருட்டிப் புதைக்கப்பட்டிருந்த எலும்புக்கூட்டைக் கண்டனர். பற்களின் வளர்ச்சி, அது பதினைந்து வயதையொட்டிய சிறுமி என்று சொன்னது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் நீவ், மண்டை ஓட்டின் வார்ப்பின்மேல் களிமண்ணால் தசையும் தோலும் வைத்து முகத்தை வடித்தார். அந்த முகத்தின் படம் வெளியானதும், காப்பகத்திலிருந்து பல ஆண்டுகளுக்கு முன் வெளியேறிய சிறுமி ஒருத்தியின் பெயரைச் சமூகப் பணியாளர்கள் சொன்னார்கள். முகவடிவாக்கம் அத்துடன் தன் வேலையை முடித்துக்கொண்டது. அது நினைவைத் தூண்டுவதற்கான கருவியே அன்றி நீதிமன்றத்தில் நிற்கும் சான்று அன்று. உறுதிப்பாட்டைத் தந்தவை பல் மருத்துவக் குறிப்புகளும், எரிக்கா ஹாகல்பெர்க்கும் அலெக் ஜெஃப்ரீஸும் தொடை எலும்பிலிருந்து எடுத்து அவள் பெற்றோருடன் ஒப்பிட்ட மரபணுவும் ஆகும். எட்டாண்டுகள் அந்தச் சிறுமி மண்ணுக்கடியில் கிடந்திருந்தாள்.

தனிக்கொலைக்கு வகுத்த இதே முறை, கூட்டக் கொலைகளின் முன்னால் பெரும் அளவில் சோதிக்கப்பட்டது. 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் ஏறத்தாழ எண்ணாயிரம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். கொன்றவர்கள் சில மாதங்கள் கழித்துப் புதைகுழிகளை இயந்திரங்களால் தோண்டி உடல்களை வேறு குழிகளுக்கு மாற்றியதால், ஒரே மனிதரின் எலும்புகள் பல குழிகளில் சிதறின. காணாமற்போனோருக்கான பன்னாட்டு ஆணையம், பல்லாயிரம் உறவினரின் இரத்த மாதிரிகளைச் சேகரித்து, ஒவ்வோர் எலும்பின் மரபணுவையும் அந்தத் தொகுப்புடன் கணினியில் ஒப்பிட்டு, ஏழாயிரத்தை நெருங்கும் மனிதர்களுக்கு அவர்களின் பெயரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. அங்கே வெற்றி கண்டது நுட்பம் மட்டுமன்று. மாதிரி தந்த தாய்மார்களும், அதை ஓரிடத்தில் சேர்த்து நம்பிக்கைக்குரிய முறையில் காத்த அமைப்பும்தான் நுட்பத்துக்கு உயிர் கொடுத்தன.

இலங்கையின் வடக்கில் இதே கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. மன்னாரில் 2018-இல் சதொச என்னும் அரசு விற்பனை நிலையத்தின் கட்டடத்துக்காக அடித்தளம் தோண்டியபோது வெளிப்பட்ட புதைகுழியிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலுள்ள ஆய்வுக்கூடம் கதிரியக்கக் கரிமக் கணிப்பின்படி அவற்றின் காலத்தை 1404-க்கும் 1635-க்கும் இடையே வைத்தது. போர்க்காலத்தில் காணாமற்போன உறவுகளைத் தேடிக்கொண்டிருந்த குடும்பங்கள் அந்த முடிவை ஏற்கத் தயங்கியதில் வியப்பில்லை. யாழ்ப்பாணத்துச் செம்மணியில் 1999-இல் பதினைந்து எலும்புக்கூடுகள் தோண்டி எடுக்கப்பட்டன. 2025-இல் அப்பகுதியிலுள்ள சித்துப்பாத்தி மயான வளாகத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட எச்சங்கள் வெளிப்பட்டன, சிறுவர்களுடையவையும் அவற்றில் அடங்கும். உடைகளும் வளையல்களும் புத்தகப்பையும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. மாஃபட் ஓடையின் மேற்சட்டையைப் போல ஒரு பொருள் ஒரு குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கலாம். ஆனால் முப்பதாண்டு மண்ணில் கிடந்த துணியை மட்டும் நம்பி ஒரு தாயிடம் விடை சொல்வது நியாயமாகாது. காணாமலாக்கப்பட்டோரின் பெற்றோர் முதுமையடைந்து ஒவ்வொருவராக மறைந்துவரும் வேளையில், அவர்களுடன் ஒப்பீட்டுக்கான மாதிரியும் மறைந்துபோகிறது. எலும்பு காத்திருக்கும், பெற்றவள் காத்திருக்க முடியாது.

இந்தியாவில் ஆண்டுதோறும் பல்லாயிரம் சடலங்கள் அடையாளம் தெரியாதவையாகப் பதிவாகின்றன. தமிழ்நாட்டில் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரின் புகாருடன் தொடங்கும் அந்த வழக்கு, பிரேத விசாரணையும் உடற்கூறாய்வும் முடிந்து, சில நாள் பிணவறையில் காத்திருந்து, சுவரொட்டியும் நாளிதழ் விளம்பரமும் பயனளிக்காத நிலையில் அடக்கத்துடன் முடிந்துவிடுகிறது. அவர்களில் எத்தனை பேர் கொலையுண்டவர்கள் என்பதுகூட அடையாளம் தெரிந்தால்தான் முழுமையாக வெளிவரும். இந்நாட்டில் தடய ஆய்வு புதியதன்று. நச்சுப்பொருள் ஆய்வுக்கான அரசு வேதியியல் ஆய்வுக்கூடம் சென்னையில் 1849-லேயே தொடங்கப்பட்டது, உலகின் முதல் கைரேகைக் கூடம் 1897-இல் கல்கத்தாவில் அமைந்தது. குறை ஆய்வுக்கூடத்தில் இல்லை, ஒப்பீட்டின் மறுபக்கத்தில் இருக்கிறது. ஏழைத் தொழிலாளிக்குப் பல் மருத்துவக் குறிப்பு இல்லை. வேற்று மாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவரைத் தேடும் குடும்பம் ஆயிரம் மைலுக்கு அப்பால் வேறொரு மொழியில் புகார் கொடுத்திருக்கிறது. பள்ளி மாற்றுச் சான்றிதழில் எழுதிய மச்சமும் தழும்பும், தோல் அழுகிய பின் எதற்கும் உதவுவதில்லை. காணாமற்போனோர், அடையாளம் தெரியாத சடலங்கள் ஆகியவற்றுக்கான மரபணுத் தொகுப்பை உள்ளடக்கிய சட்ட மசோதா 2019-இல் மக்களவையில் அறிமுகமாகி, 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. குடிமக்களின் மரபணுவை அரசு சேமிப்பது குறித்த அந்தரங்க உரிமைக் கவலைகள் மெய்யானவை. எனினும் சந்தேகத்துக்குரியோரின் தொகுப்பையும், இறந்தவர்களுக்காக உறவினர் தாமே முன்வந்து தரும் தொகுப்பையும் ஒன்றாகக் கட்டியதால் இரண்டாவதும் கைவிடப்பட்டது வருந்தத்தக்கது. அதைத் தனிச்சட்டமாகக் கொண்டுவருவதற்கு எந்தத் தடையும் இல்லை.

சட்டம் வரும்வரை காத்திராமல் செய்யக்கூடியவையும் உண்டு. அடையாளம் தெரியாத உடலை அடக்கம் செய்யுமுன் பல்லோ, தொடை எலும்பின் சிறு துண்டோ எடுத்து, மரபணுவைச் சிதைக்கும் ஃபார்மலினில் இடாமல் உலர்வாகப் பாதுகாக்க வேண்டும்; பல்வரிசையையும் மண்டையையும் எக்ஸ்ரே எடுத்துக் கோப்பில் சேர்க்க வேண்டும்; எந்த மயானத்தில் எந்த வரிசையில் புதைக்கப்பட்டது என்பதை எழுதி வைக்க வேண்டும். உறவினர் ஒருவரைக் காணவில்லை என்று காவல் நிலையம் செல்லும் குடும்பம், பற்கள் தெரியச் சிரிக்கும் படத்தையும், எலும்பு முறிவுக்கோ பல்லுக்கோ எடுத்த பழைய எக்ஸ்ரேயையும், பொருத்திய உலோகத் தகட்டின் எண் இருக்கும் மருத்துவமனைச் சீட்டையும், அவர் பயன்படுத்திய பல்துலக்கியையும் சீப்பையும் கழுவாமல் எடுத்துவைத்து, அவை தம்மிடம் இருப்பதைப் புகாரிலேயே குறிப்பிட வேண்டும்.